உம்மு ராயித் சொன்னதும் நான் சொன்னதும்

என் பெயர் தைஸீர். எளிதாக்குதல் என்று பொருள். பெயர் வைத்த என் தந்தை ஸர்க்கா நகரில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மகன் பிறந்தால் பாரம் குறையும் என்று நம்பியிருக்கிறார். ஏழு வயதில் ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். நட்டைத் தவறான பக்கம் திருகி, மரையைத் தேய்த்து, அந்த லாரியை இரண்டு நாள் கடை வாசலிலேயே நிற்க வைத்தேன். "இவன் படிக்கட்டும்" என்று அவர் சொன்னதை உறவினர்கள் எல்லோரும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

படித்தேன். இர்பித் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம். ஆறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தினேன். பிறகு யாரோ ஒரு நண்பர் வர முடியாமல் போன ஒரு கூட்டத்தில் அவருக்குப் பதிலாக மொழிபெயர்க்கப் போய், அங்கேயே தங்கிவிட்டேன். மாநாட்டு அரங்கின் பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அதற்குள் உட்கார்ந்து, மேடையில் பேசுகிறவர் வாய் மூடுவதற்கு முன்பே அவர் சொன்னதை இன்னொரு மொழியில் சொல்லிவிடுகிற வேலை. இருபத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். எங்கள் நாட்டில் எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனால் மாநாடுகள் உண்டு. அவற்றில் பாதி தண்ணீர் இல்லாததைப் பற்றியவை.

"நீடித்த வளர்ச்சி" என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை உச்சரித்திருப்பேன் என்று தெரியாது. தூக்கத்திலும் சொல்லியிருக்கிறேனாம். சொன்னவள் என் மனைவி இப்திஸாம். அரசு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவள்.

"உன் வாயில ஓடற தண்ணி நம்ம குழாய்ல ஓடினா எவ்வளவு நல்லா இருக்கும்" என்பாள்.

அம்மானில் எங்கள் தபர்பூர் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான். மொட்டைமாடித் தொட்டியில் அன்று ஏறுவதை வைத்து அடுத்த செவ்வாய்வரை ஓட்ட வேண்டும். துணி துவைப்பது, தரை கழுவுவது, தலைக்குக் குளிப்பது எல்லாம் அன்றைக்குத்தான். நான் பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் சாக்கடல் ஓரத்து ஹோட்டல் எதிலாவது இருப்பேன். அங்கே குளியலறையில் ஓர் அட்டை தொங்கும்: துண்டை மறுபடி பயன்படுத்தி நீரைக் காப்பாற்றுங்கள். அதைப் படித்துவிட்டுக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நெடுநேரம் குளிப்பேன். வீட்டுத் தண்ணீர் மிச்சமாகிறதல்லவா. நீர்ச் சிக்கனத்துக்கு என் வாழ்நாள் பங்களிப்பு அதுவாகத்தான் இருந்தது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது இலையுதிர்காலத்தில், பெண்களுக்குக் குழாய் வேலை பழக்குகிற ஒரு திட்டத்தின் நிறைவு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பெண்கள் ஆறு மாதம் பயிற்சி முடித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நிறக் கருவிப் பெட்டி. பண உதவி செய்த வெளிநாட்டு விருந்தினர்கள் முன்வரிசையில். பெண்கள் சார்பாக நன்றி சொல்ல நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மேடைக்கு வந்தார். உம்மு ராயித், அதாவது ராயிதின் அம்மா, என்று அறிவித்தார்கள். கையில் எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. அதை மடித்து மேசையில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு குறடை எடுத்தார்.

"இந்தக் குறடு முதல் நட்டுலயே வளைஞ்சிருச்சு. எனக்கு மட்டுமில்ல, பன்னெண்டு பேருக்கு. இத வாங்கினவங்க இங்க இருந்தா மேல வந்து ஒரே ஒரு நட்டு திருகிக் காட்டட்டும். அப்புறம், எங்கள வேலைக்குக் கூப்பிடப் போறது யாரு? அதையும் சொல்லிட்டுப் போங்க."

விழா அமைப்பாளர் அம்மாள் திரும்பி என் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தார். அடுத்த வருடம் அவர் நடத்தப்போகிற ஐந்து மாநாடுகளுக்கும் நான்தான் என்று அன்று காலைதான் பேசியிருந்தோம். நான் மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "இந்தக் கருவிகள் எங்கள் கைகளில் புதிய வடிவம் பெற்றிருக்கின்றன. பங்காளர்கள் மேடையேறி எங்களோடு கைகோக்க வேண்டுகிறேன். எதிர்கால வாய்ப்புகளை ஆவலோடு எதிர்நோக்குகிறோம்."

அரங்கமே எழுந்து கை தட்டியது. முன்வரிசையில் ஒரு முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உம்மு ராயித் குறடைப் பிடித்தபடி மேடையில் நின்றார். புகார் சொன்னதற்கு ஏன் கை தட்டுகிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. நான் மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நான் பொய் சொல்லவில்லை, வழவழப்பாக்கினேன் என்று சோற்றுத் தட்டின் முன் எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

அடுத்த மார்ச்சில் சைரன் ஒலித்து ஊரடங்கு வந்தது. ஐந்து மாநாடுகளும் ஒரே வாரத்தில் ரத்தாகின. உலகமே நெருக்கடியில் இருந்தபோது யாருக்கு யார் தேவை என்பது மெல்ல வெளிப்பட்டது. ரொட்டி சுடுகிறவர் தேவை, மருந்துக்கடைக்காரர் தேவை, குப்பை அள்ளுகிறவர் தேவை. இப்திஸாம் கூடத்து மேசையில் கணினியை வைத்துக்கொண்டு நாற்பது மாணவிகளுக்கு அமிலமும் காரமும் நடத்தினாள். நான் அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, மசாலா டப்பாக்களின் மேல் இருந்த எழுத்துகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்காமலேயே.

ரமலான் தொடங்கிய வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. மூன்று நாள் இணைய மாநாடு, புதன் முதல் வெள்ளி வரை. தலைப்பு: உலக நெருக்கடிக் காலத்தில் நீடித்த வளர்ச்சியை முன்னெடுத்தல். மொழிபெயர்ப்பாளர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பேச வேண்டும். நானும் ஒரு சகாவும் அரை மணிக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவது என்று ஏற்பாடு. வீட்டில் மிக அமைதியான இடம் வேண்டும் என்றார்கள். கூடத்தில் வேதியியல் வகுப்பு. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே அக்கம்பக்கத்துக் கோழிகள். மிச்சம் இருந்தது குளியலறை. கதவுக்குக் கம்பளி மாட்டினேன், கணினியைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தேன், கழிப்பறை மூடியின் மேல் ஒரு மெத்தை போட்டு உட்கார்ந்தேன். காமிரா அணைத்திருப்பதால் உலகப் பிரதிநிதிகள் எவருக்கும் என் ஆசனம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஒலிச் சோதனை. "பின்னால ஏதோ டிக், டிக்னு கேக்குது" என்றார் தொழில்நுட்பக்காரர். வாஷ்பேசின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பல மாதமாகச் சொட்டுகிறது. ஆளைக் கூப்பிடு என்று இப்திஸாம் பல மாதமாகச் சொல்கிறாள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் வீட்டில் நீர்க்கசிவைத் தடுப்பது எப்படி என்று ஒரு கையேட்டை நான் அரபியில் மொழிபெயர்த்திருந்தேன். படங்களோடு முப்பத்தாறு பக்கம். மொழிபெயர்த்ததைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்வது எங்கள் தொழிலில் பரவலான நோய். எனக்கு முற்றிய நிலை. முதலில் மாடித் தொட்டியின் வால்வை மூட வேண்டும் என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது. புதன் காலை பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எட்டு வீட்டுக்கு எட்டுத் தொட்டிகள். எங்களுடையது முந்தைய நாள் வந்த தண்ணீரால் நிரம்பி இருந்தது. வால்வு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தேன். வால்வு அப்படியே இருந்தது, அதற்குக் கீழே குழாய் வளைகிற இடத்தில் இருந்த எல்போ விரிசல் விட்டது.

மெல்லிய கசிவுதான். ஒரு துணியைச் சுற்றி, அதன் மேல் இப்திஸாம் விடைத்தாள் கட்ட வைத்திருந்த ஒட்டு நாடாவை ஏழு சுற்றுச் சுற்றி, கீழே வந்தேன்.

"என்ன பண்ணின மேல?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. லேசா இறுக்கிவிட்டேன்."

பதினொரு மணிக்கு மாநாடு தொடங்கியது. நோன்பு. தொண்டை காய்ந்திருந்தது. வழக்கமாக என் கையருகே தண்ணீர்க் குவளை இருக்கும், அன்று இல்லை. ஏதோ ஒரு நாட்டின் நீர்த்துறை அதிகாரி அரபியில் புள்ளிவிவரங்களை மழையாகக் கொட்டினார். நான் பின்னால் ஓடிக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னேன். தனிநபர் நீர் அளவு, நிலத்தடி நீர்மட்டம், இழப்பு விகிதம். ஒரு காதில் அதிகாரி. மறு காதை என் குரலைக் கேட்கத் திறந்து வைத்திருப்பேன், பழக்கம்.

அந்தத் திறந்த காதில் கதவு இடிபடும் சத்தம் விழுந்தது. தொடர்ந்து இப்திஸாமின் குரல்.

"தண்ணி எல்லாம் போச்சு. ஒரு வாரத் தண்ணி மொத்தமும் மாடிப்படில ஓடுது. அதத் தொடாதேன்னு எத்தனை தடவ சொன்னேன். தெரியாத வேலையில ஏன் கைய வைக்கிற?"

இருபத்து நான்கு வருடப் பழக்கம் பொல்லாதது. காதில் விழுந்த அரபி, வாயில் ஆங்கிலமாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. நானூற்றுச் சொச்சம் பிரதிநிதிகளுக்கு நிதானமான குரலில் நான் சொன்னேன்: "தண்ணீர் எல்லாம் போய்விட்டது. மொத்தமும் படிகளில் ஓடுகிறது. அதைத் தொடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். தெரியாத வேலையில் ஏன் கை வைக்கிறீர்கள்?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. திரையின் ஓரத்தில் செய்திகள் வரத் தொடங்கின. துணிச்சலான பேச்சு என்று ஒருவர். இறுதியில் ஒருவராவது உண்மையைச் சொன்னார் என்று இன்னொருவர். அதிகாரி தன் புள்ளிவிவரங்களுக்கு இத்தனை வரவேற்பா என்று சற்றே குழம்பி, பிறகு தலை வணங்கி ஏற்றுக்கொண்டார். மூன்றாம் நாள் நிறைவுரையில் தலைவர் அந்தக் கடைசி வாக்கியத்தை அதிகாரியின் பெயரோடு மேற்கோள் காட்டினார். அதைச் சொன்னது தபர்பூரில் ஒரு வேதியியல் ஆசிரியை என்பதை இந்தத் தாளில் முதல்முறையாகப் பதிவு செய்கிறேன்.

என் அரை மணி முடிந்ததும் சகாவிடம் ஒப்படைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். ஒட்டு நாடா பழைய தோலைப் போல உரிந்து தொங்கியது. தொட்டி காலி. தரைத்தள வீட்டு அபூ ஷஃபீக், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், படியில் ஓடிவந்த வெள்ளத்தை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். "உஸ்தாத், மாநாடு நல்லாப் போகுதா? சத்தம் இங்க வரைக்கும் வருது" என்றார். பாடம் நடத்தியவன் என்பதால் தெருவில் நான் உஸ்தாத், வாத்தியார்.

அடுத்த தண்ணீருக்கு ஆறு நாள். லாரித் தண்ணீருக்குச் சொன்னால் ஒன்பது நாள் என்றார்கள். கையைக் கழுவு, கையைக் கழுவு என்று வானொலி மணிக்கொரு முறை சொல்லிக்கொண்டிருந்த காலம். முதலில் விரிசலைச் சரிசெய்ய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பிளம்பர் மார்க்காவில் இருந்தார், வண்டி ஓட்டத் தடை. நடந்து வரும் தூரத்தில் ஒருவர் இருப்பதாக இப்திஸாம் சொன்னாள். அவள் வகுப்பில் ருஆ என்று ஒரு மாணவி, அவள் அம்மா குழாய் வேலை செய்கிறாராம்.

"ஆம்பளை யாரும் கிடைக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

 "இருபது வருஷமா பெண்களுக்கு அதிகாரம்னு கூண்டுக்குள்ள உக்காந்து கத்தினது யாரு? உன் அண்ணனா?" என்றாள் இப்திஸாம். தொலைபேசியை அவளே எடுத்தாள்.

வந்தவர் முகக்கவசம் அணிந்திருந்தார், தோளில் கனத்த பை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாடிக்கு அழைத்துப் போனேன். எல்போவைப் பார்த்தார், தொங்கிய நாடாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"யார் செஞ்சது இத?"

"அது முன்னாலேயே அப்படித்தான் இருந்தது" என்றேன்.

"காலைல பத்து மணி வரைக்கும் இல்ல" என்றாள் பின்னால் நின்ற இப்திஸாம்.

அவர் நாடாவை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தடவ பேசுங்க" என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன். அதுவே போதுமானதாக இருந்தது. "இந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு நாள் பூரா என் காதுக்குள்ள பேசினவரு நீங்க. ஹோட்டல்ல, எங்க விழாவுல. வெளிநாட்டுக்காரங்க பேசினத எங்களுக்குச் சொன்னீங்க."

அப்போதுதான் எனக்கு அந்தக் குறடு நினைவுக்கு வந்தது.

"நல்லதாப் போச்சு. ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றார் உம்மு ராயித், பையைத் திறந்துகொண்டே. "நான் அன்னைக்குக் குறடு வளைஞ்சிருச்சுன்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. நீங்க அவங்களுக்கு என்னன்னு சொன்னீங்க?"

மாடியில் ஓடி ஒளிய இடமில்லை. எட்டுத் தொட்டிகளும் ஒரு துணி காயும் கயிறும்தான். இப்திஸாம் வேறு நிற்கிறாள். சொன்னேன். புதிய வடிவம், கைகோத்தல், ஆவலோடு எதிர்நோக்குதல் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது வார்த்தைகள் வாயில் வழுக்கின. அந்த அளவுக்கு வழவழப்பானவை அவை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரிசல் விட்ட எல்போவைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"அவங்க ஊர்ல குறை சொன்னா கை தட்டறதுதான் பழக்கம் போலன்னு நான் நெனச்சேன், உஸ்தாத். நல்ல பழக்கமா இருக்கேன்னு அதுக்கப்புறம் ரெண்டு கூட்டத்துலயும் எந்திரிச்சுக் குறை சொன்னேன். அங்க வேற ஆள் மொழிபெயர்த்தாரு போல. மூணாவது கூட்டத்துக்கு என்னக் கூப்பிடல. வேலைக்கு அனுப்பற பட்டியல்லேர்ந்தும் பேர எடுத்துட்டாங்க."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு குழாய்த் துண்டை என் கையில் கொடுத்தார். "இதப் பிடிங்க. அசைக்காதீங்க. பேசாதீங்க."

பிடித்தேன். வெயிலில், நோன்போடு, நாற்பது நிமிடம். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமலும் அவ்வளவு உபயோகமாகவும் இருந்ததில்லை. பழைய வால்வைக் கழற்றிப் புதியது போட்டார். கீழே வந்து சொட்டிய குழாய்க்கு வாஷர் மாற்ற அவருக்கு இரண்டு நிமிடம் ஆனது. மறுபடி மாடிக்குப் போய் மற்ற ஏழு தொட்டிகளையும் மூடியைத் திறந்து பார்த்தார். ஐந்தில் மிதவை கெட்டிருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் அவை நிரம்பியும் மூடாமல், வழிந்து மாடிக் குழாய் வழியே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறோம். தண்ணீர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக மகிழ்ச்சியோடு கேட்டிருக்கிறோம்.

"மேட்டுத் தெருவுல கடைசி வீட்டுக்காரங்க பாவம். அவங்களுக்கு ஏறவேண்டியது இங்க சாக்கடைக்குப் போகுது" என்றார்.

அந்த ஆறு நாளும் எங்களைக் காப்பாற்றியது கட்டடத்துக்காரர்கள். ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொடுத்தது. அபூ ஷஃபீக் இரண்டு கேன் தண்ணீரைக் கதவருகே வைத்து, ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: "உஸ்தாதின் மாநாட்டுக்கு." கேன்களை மூன்றாம் மாடிக்குத் தூக்கியது நான். பருப்புக் கழுவிய நீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய நீர் கழிப்பறைக்கு என்று இப்திஸாம் ஓர் ஒழுங்கு வைத்தாள். வியாழனும் வெள்ளியும் அதே மூடியின் மேல் உட்கார்ந்து, செவ்வாய்க்குப் பிறகு குளிக்காத உடம்போடு, தாங்குதிறன் என்பதைப் பற்றி மொழிபெயர்த்தேன். சொல்லின் பொருள் கொஞ்சம் தெரிந்ததால் நாக்கு அடிக்கடி தடுக்கியது. இன்று உங்கள் குரலில் ஏதோ குறைகிறதே என்றார் சகா.

மிதவைகளை மாற்ற உம்மு ராயித் அடுத்த வாரமும் வந்தார். ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். செய்ய முடியும் என்றார். தெருவைத் தாண்டிப் போய் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும், விண்ணப்பம் இணையத்தில்தான், அவருக்கு அது பிடிபடவில்லை. நான் நிரப்பினேன். தொழில் என்ற இடத்தில் குழாய்க்காரர் இருந்தது, குழாய்க்காரி இல்லை. மற்றவை என்று போட்டு, கீழே மூன்று வரியில் விளக்கினேன். சீட்டு வந்தது.

அடுத்து, அந்தக் குறடைப் பற்றித் திட்டக்காரர்களுக்கு ஒரு கடிதம். அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். வளைந்தது என்பதற்கு வளைந்தது என்றே எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி, இத்துடன் ஒரு கருத்தறியும் படிவம்: பயிற்சிக் கருவிகளில் உங்கள் திருப்தி ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு? உம்மு ராயித் ஒன்று என்றார். என் விரல் தானாக மூன்றுக்குப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ருஆ, பதினாறு வயது, பள்ளியில் ஆங்கிலத்தை நன்றாகக் கற்றவள், தொண்டையைச் செருமினாள். விரலைத் திருப்பி ஒன்றுக்குக் கொண்டு வந்தேன்.

அந்தக் கோடையில் அவரோடு பயிற்சி முடித்த இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். பகலில் ஆண்கள் இல்லாத வீடுகளுக்குள் தயக்கமில்லாமல் போக முடிந்ததால் அழைப்புகள் வந்தன. கட்டடம் கட்டடமாக மிதவை, வாஷர், வால்வு. இயக்கம் என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. ஒரு வாட்ஸப் குழு, அவ்வளவுதான். மேட்டுத் தெருவின் கடைசி இரண்டு வீடுகளில் ஆகஸ்டு மாதச் செவ்வாய்களில் தண்ணீர் தொட்டிவரை ஏறியதாகச் சொன்னார்கள். இதனால்தான் என்று நான் சான்று கொடுக்க மாட்டேன். மாநாடுகளில் அப்படிப்பட்ட சான்றுகளை மொழிபெயர்த்தே வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அவற்றின் மதிப்பு தெரியும்.

மறு வருடம் ஓர் இணைய மாநாட்டில் பேச உம்மு ராயிதை அழைத்தார்கள். தைஸீர்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் பெருமையாக இருந்தேன். ஆங்கில ஒலியைக் காதில் மாட்டிக்கொண்டு ருஆ அவர் பக்கத்தில் உட்காரப் போகிறாள் என்பது பிறகு தெரிந்தது.

பேசினார். குறடு, பட்டியலிலிருந்து நீக்கிய பெயர், விண்ணப்பத்தில் இல்லாத தொழில், எல்லாவற்றையும். ஒவ்வொரு சொல்லையும் அதன் முள்ளோடு எடுத்து வைத்தேன். வியர்த்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. நடத்துகிறவர் அடுத்த பேச்சாளருக்குப் போகப் பார்த்தபோது, யாரோ ஒரு பொறியாளர் பெண் மைக்கைத் திறந்து கேட்டார்: "அது எந்த அளவு குறடு? தாடையில வளைஞ்சுதா, பிடியிலயா?"

உம்மு ராயித் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நிமிடம் இருவரும் எஃகைப் பற்றியும் மரையைப் பற்றியும் பேசினார்கள். எனக்குப் பாதிச் சொற்கள் தெரியவில்லை. கையேட்டில் நான் அவற்றையெல்லாம் "தகுந்த கருவி" என்று எழுதிக் கடந்திருந்தேன். அன்று தெரியவில்லை என்று மைக்கில் சொல்லி, விளக்கம் கேட்டு, மொழிபெயர்த்தேன். அடுத்த தொகுதிப் பெண்களின் பெட்டியில் நல்ல குறடு வந்துவிட்டதாகக் கேள்வி. ஸ்பானர் இன்னும் பழையதுதானாம்.

அந்த அமைப்பாளர் அம்மாள் அதன் பிறகு என்னை அழைக்கவில்லை. பிறகு ஐரோப்பாவில் போர் வந்தது, கோதுமையும் எண்ணெயும் மாநாட்டுத் தலைப்புகளாயின, இளம் மொழிபெயர்ப்பாளர்கள் கூண்டுக்கு வந்தார்கள். எனக்கு மாதம் ஒன்றோ இரண்டோ கூட்டம். போதும்.

உம்மு ராயித் இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் மொட்டைமாடியிலேயே வகுப்பு நடத்துகிறார். எட்டுத் தொட்டிகள் இருப்பதால் பழக வசதி என்கிறார். முதல் மாணவியாகச் சேர்ந்தது இப்திஸாம். பள்ளி விடுமுறையில் அவளும் பையை மாட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போகிறாள். நானும் சேரலாமா என்று கேட்டேன்.

"இது பொம்பளைங்களுக்கு மட்டும், உஸ்தாத்" என்றார் உம்மு ராயித். "தேநீர் போடற வேலை காலியா இருக்கு."

ஏற்றுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் ஒன்பது பெண்களுக்கு, மரமிய்யா என்கிற மணமூலிகை இலை போட்ட தேநீர். ஆரம்பத்தில் கோப்பைகளை ஓடும் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன். இப்திஸாம் ஒரு நாள் என் பின்னால் வந்து நின்று, எத்தனை லிட்டர் என்று அளந்து காட்டினாள். இப்போது ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறேன். கோப்பையில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று போன வாரம் எல்லோர் முன்னிலையிலும் உம்மு ராயித் சொன்னார். முகர்ந்து பார்த்தேன். அடிக்கத்தான் செய்கிறது.